இரட்டைக்குழலும் அணில் பருவமும்: வாசகர் கேள்வி பதில்

டென்னசி, கென்டக்கி மலைக்காடுகளில் ஹிக்கரிக் காய் முற்றும் ஆகஸ்டில் அணில் பருவம் திறக்கிறது. பரணில் கிடந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வெளியே எடுத்தவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

என் மனைவியின் தாத்தா விட்டுப்போன 16 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் இரட்டைக்குழல் கைக்கு வந்திருக்கிறது. பல வருடங்களாக யாரும் சுடவில்லை. துடைத்துவிட்டு அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகர், நாக்ஸ்வில்

கூடாது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் சில சோதனைகள் முடியும்வரை அதில் தோட்டா போட வேண்டாம். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதலில் திறந்து, இரண்டு அறைகளும் (தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணால் பாருங்கள். பிறகு முன்கட்டையை (குழலுக்கு அடியிலுள்ள மரப்பிடி) கழற்றிவிட்டுக் குழலை மறுபடி மாட்டி மூடுங்கள். முன்கட்டை இருந்தால் அதன் வில் குழலைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், தளர்ச்சி தெரியாது. அது இல்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மெல்லிய 'டக் டக்' கேட்டாலோ, விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தாலோ, கீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சுடக் கூடாது.

அடுத்து மேல் லீவர், அதாவது துப்பாக்கியைத் திறக்கத் தள்ளும் நெம்பு. மூடிய நிலையில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் பூட்டில் இன்னும் உயிர் நிறைய இருக்கிறது. ஃபாக்ஸில் இருப்பது தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் சுழல்பூட்டு. அதனால் வருடங்கள் போகப் போக லீவர் இடப்பக்கம் நகரும். நடுக்கோட்டைத் தாண்டி நன்றாக இடப்பக்கம் போயிருந்தால் துப்பாக்கி நிறையச் சுட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, குழல்களைத் தனியே கழற்றி, கீழேயுள்ள கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் லேசாகத் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. 'சர்ர்' என்று அதிர்ந்து அடங்கினால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் ஈரம் இறங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும்.

நான்காவது, குழலுக்குள் வெளிச்சம். ஜன்னலைப் பார்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். உள்ளே விழும் நிழல் வளையங்கள் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே நசுங்கல் இருக்கிறது. முழு வளையமாகக் கருநிழல் விழுந்தால் அது உப்பல். நசுங்கலைத் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக் தூக்கிவிடுவார். உப்பல் என்றால் உலோகம் ஒருமுறை நீண்டு மெலிந்துவிட்டது. அந்தக் குழலை நம்ப முடியாது.

ஐந்தாவது, பூட்டு. இரண்டு அறையிலும் போலித் தோட்டா போட்டு மூடி, சேஃப்டியை விலக்கி, அடிக்கட்டையைக் கம்பளம் விரித்த தரையில் ஓரளவு பலமாகத் தட்டுங்கள். குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் உள்சுத்தியல்) தானாக விழுந்தால், அதைப் பிடித்து நிறுத்தும் கொண்டி தேய்ந்திருக்கிறது. பிறகு வலக்குழல் விசையை மட்டும் இழுத்து, அடியைத் தட்டி, இடக்குழல் குதிரை ஏறியபடியே நிற்கிறதா பாருங்கள். நிற்காத துப்பாக்கி, ஒரு விசையை இழுத்தால் இரண்டு குழலையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

இவை தேறினால், சுவர்த் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். குழலின் உட்புறம் பளபளவென்று இருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். துருக்குழிகளைத் தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்கியவர்கள் உண்டு. அப்படித் தேய்த்ததில்தான் சுவர் மெலிந்திருக்கும்.

அதே 16 கேஜ் பற்றித்தான். கடையில் கிடைக்கும் 2¾ அங்குலத் தோட்டா அறைக்குள் தடையின்றி இறங்குகிறது, துப்பாக்கியும் மூடுகிறது. அப்படியானால் பொருந்துகிறது என்றுதானே அர்த்தம்?
– மூன்று வாசகர்கள்

அர்த்தம் அதுவல்ல. பழைய இரட்டைக்குழல் விஷயத்தில் மிகுதியானவர்கள் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, சுட்ட பிறகு வாய் முழுதும் விரிந்த நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் அது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கும். எனவே குட்டையான அறையிலும் எளிதாக உட்காரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்காவில் செய்த 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 2 9/16 அங்குலம்தான். பழைய 12 கேஜ்களிலும் 2⅝ அங்குல அறை சகஜம்.

சுடும்போது நடப்பது இது: அறை முடிகிற இடத்தில் குழல் கூம்பாகக் குறுகுகிறது. நீளமான தோட்டாவின் மடிப்பு விரிய இடமில்லாமல் அந்தக் கூம்புக்குள் போய் விரிகிறது. ஏற்கெனவே குறுகலான வழியில் தோட்டாவின் உதடும் அடைத்துக்கொள்ள, ரவையும் (சிறு உலோகக் குண்டுகள்) அடைப்பானும் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவேயுள்ள தடுப்பு) அதைப் பிதுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறுகிறது. அதிர்வு கட்டையின் தலைப்பகுதியை அடிக்கிறது. ஒரே சுடலில் குழல் வெடித்துவிடும் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் வெடிக்காது. அதனாலேயே பலர் தைரியமாகத் தொடர்கிறார்கள். பத்து வருடம் கழித்துக் கட்டை பிளக்கும், கீல் தளரும். ஏன் என்று புரியாது.

அறையின் நீளத்தை அளக்க எளிய கருவி விற்கிறது: படிப்படியாகக் கோடு போட்ட தட்டையான அளவி. அது தடுத்து நிற்கும் இடம்தான் அறையின் முடிவு. சுட்ட தோட்டாவைப் பார்த்தும் ஊகிக்கலாம். வாயோரம் கிழிந்தோ, நைந்து மெலிந்தோ வந்தால் அறை குட்டை.

இன்னொன்று, நீளம் மட்டும் பிரச்சினையல்ல. இன்றைய 12 கேஜ், 16 கேஜ் 2¾ அங்குலத் தோட்டாக்களுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அது இன்றைய துப்பாக்கிக்கு வைத்த எல்லை. நூறு வயதான துப்பாக்கிக்கு 2½ அங்குல நீளத்தில், குறைந்த அழுத்தத்தில் செய்த தோட்டாக்கள் தனியே விற்கின்றன. 16 கேஜுக்கு ⅞ அவுன்ஸ், மிஞ்சினால் 1 அவுன்ஸ் ரவை அணிலுக்குத் தாராளம். பெட்டியில் அழுத்த எண் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். 'லோ பேஸ்' என்று பித்தளை குட்டையாக இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பித்தளையின் உயரத்துக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

அறையைக் கடைந்து நீட்டிவிடலாமே என்று ஒரு வாசகர் கேட்கிறார். செய்யலாம், ஆனால் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்துச் சுவரிலிருந்துதான் உலோகம் போகும். தடிமனை அளக்காமல் கை வைக்கக் கூடாது. சேகரிப்பாளர்களிடம் விலையும் குறையும். சரியான தோட்டாவை வாங்குவதே மலிவான வழி.

டமாஸ்கஸ் குழல் வைத்த பழைய பார்க்கர் ஒன்று ஏலத்தில் எடுத்தேன். கோலம்போல அழகான வரிகள். சுடலாமா?
– வாசகர், லூயிவில்

பார்க்கர் பிரதர்ஸ் கனெக்டிகட்டின் மெரிடனில் இருந்த நிறுவனம். அவர்களின் வேலைத்தரத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். சந்தேகம் அந்தக் குழலின் வயதைப் பற்றியது. டமாஸ்கஸ் குழல் இரும்பு, எஃகுப் பட்டைகளைச் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, தட்டிப் பற்றவைத்துச் செய்தது. வரிகள் தெரிவது அந்தப் பற்றுகளால்தான். பற்றுகளுக்கு இடையே கசடு மாட்டியிருந்தால் அந்த வழியாகத் துரு உள்ளே ஓடும். வெளியேயும் உள்ளேயும் பார்த்தால் தெரியாது. மேலும் இவை பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தவை, இன்றைய புகையற்ற மருந்துக்கு முந்தியவை.

சுவர்த் தடிமனை அங்குலம் அங்குலமாக அளந்து, பழைய குழல்களில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டி, மிகக் குறைந்த அழுத்தத் தோட்டாவில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுடலாமா என்று கேட்டால், ஒருபோதும் கூடாது. இடக்கை குழலுக்குக் கீழே, வெடித்தால் வெடிக்கும் இடத்துக்கு நேர் அடியில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் சில மலிவுத் துப்பாக்கிகளில் சாதாரண எஃகின் மேல் டமாஸ்கஸ் வரியைப் பூசியும் விட்டிருக்கிறார்கள். முன்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். உண்மையான வரி அங்கேயும் தொடரும்.

அணிலுக்கு எத்தனாம் எண் ரவை? நண்பர் 7½ போதும் என்கிறார்.
– வாசகர், சார்லட்

6. ஒரே பெட்டிதான் வாங்குவேன் என்றால் அதையே வாங்குங்கள்.

அமெரிக்க ரவை எண்ணை 17-இலிருந்து கழித்தால் நூறில் எத்தனை பங்கு அங்குலம் என்ற விட்டம் வரும். 6-ஆம் எண் 0.11 அங்குலம், ஈயத்தில் அவுன்ஸுக்குச் சுமார் 225 ரவை. 5-ஆம் எண் 0.12, சுமார் 170. 4-ஆம் எண் 0.13, சுமார் 135. நண்பர் சொல்லும் 7½ அவுன்ஸுக்கு 350 வரை வரும், கணக்குப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அணிலின் தோல் அதன் உருவத்துக்கு மிகக் கெட்டி. சிறிய ரவை தோலில் வேகம் இழந்து சதையோடு நின்றுவிடும். அணில் காயத்தோடு பொந்துக்குள் போய்ச் சாகும். வேட்டையில் இதைவிட மோசமான முடிவு இல்லை.

இலை அடர்ந்த ஆகஸ்ட், செப்டம்பரில் சுடும் தூரம் பெரும்பாலும் 25 கஜத்துக்குள் இருக்கும். 6 மிகச் சரி. இலை உதிர்ந்தபின் அணில் உங்களைத் தூரத்திலேயே பார்த்துவிடும், தூரம் 35 கஜம்வரை போகும். அப்போது 5-க்கு மாறலாம். கென்டக்கி, டென்னசியின் சாம்பல் அணில் ஒன்று, ஒன்றரை பவுண்டுதான். நரி அணில் இரண்டு பவுண்டைத் தாண்டும். அதற்கும் 5 நல்லது. வேகம் விநாடிக்கு 1,150 முதல் 1,200 அடி போதும். 'மேக்னம்' என்று எழுதிய எதையும் பழைய துப்பாக்கி அருகே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டு குழலும் முழுச் சோக் (ரவையைக் கூட்டிப் பிடிக்கும் குழல்முனைக் குறுகல், மிக இறுக்கமான அளவில்). பக்கத்தில் வந்த அணிலைச் சுட்டால் சல்லடையாகிவிடுகிறது, தூரத்தில் சுட்டால் தப்பிவிடுகிறது. சோக்கை விரித்துக் கடைந்துவிடவா?
– வாசகர், ஆஷ்வில்

கடைந்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. முதலில் தாளில் சுட்டுப் பாருங்கள்.

நான்கடிச் சதுரத் தாளை 25 கஜத்தில் கட்டுங்கள். நடுவில் அணிலின் தலையளவு ஒரு புள்ளி. துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து, ஒரு குழலால் ஒரு தாளுக்கு ஒரு சுடல் என்று ஐந்து தாள். அடுத்து மற்றக் குழல். ஒரே தாளில் பல சுடல் சுட்டால் எதுவும் விளங்காது. பிறகு இரண்டு விஷயம் பாருங்கள்: ரவைக்கூட்டத்தின் நடு குறிவைத்த புள்ளியில் விழுகிறதா, கூட்டத்துக்குள் அணில் தலை தப்பும் அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா. முழுச் சோக் என்பது 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 சதவீத ரவை, அதைவிடத் தளர்ந்த மாடிஃபைட் 60, இன்னும் தளர்ந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50. இந்த அளவுகோல் அட்டை, கம்பளி அடைப்பான் காலத்திலேயே உருவானது. இன்றைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ரவை நசுங்காமல் வருவதால் பழைய குழல், அதற்குக் குறித்திருக்கும் சோக்கைவிட இறுக்கமாகச் சுடும். உங்களுடைய 'சல்லடை' அங்கிருந்துதான் வருகிறது. 20 கஜத்தில் முழுச் சோக்கின் கூட்டம் 16 அங்குல அகலம்தான்.

மருந்து எளிது. நார் அடைப்பான் வைத்த தோட்டாவுக்கு மாறுங்கள். கூட்டம் கொஞ்சம் அவிழும். அதுவும் போதாவிட்டால் ரவைக்குள் குறுக்குத் தடுப்பு வைத்து வேண்டுமென்றே பரப்பும் தோட்டாக்கள் உண்டு. வலக்குழலில் அது, இடக்குழலில் சாதாரணத் தோட்டா என்று போட்டுக்கொண்டால் ஒரே துப்பாக்கியில் இரண்டு சோக் கிடைத்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்த அணிலுக்கு உடம்பைக் குறிவைக்காமல் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வையுங்கள். கூட்டத்தின் ஓரம் தலையில் படும். தொடை, முதுகு இறைச்சி தப்பும். 15 கஜத்துக்குள் இருந்தால் சுட வேண்டாம், நகரவிடுங்கள்.

தாளில் கூட்டம் தொடர்ந்து கீழே விழுந்தால் கோளாறு பெரும்பாலும் கட்டையில். பழைய அமெரிக்கக் கட்டைகள் குதிகாலில் (தோளில் படும் மேல்முனை) 3 அங்குலம்வரை தாழ்ந்திருக்கும். கன்னம் படியுமிடம் இன்றைய துப்பாக்கிகளைவிடக் கீழே. கன்னத்தின் கீழ் கழற்றக்கூடிய தோல்பட்டை ஒன்று கட்டினால் சரியாகிவிடும். கட்டையைச் செதுக்காதீர்கள்.

இரண்டு விசையில் எது எந்தக் குழல்?
– வாசகர், மெம்ஃபிஸ்

முன்விசை வலக்குழல், பின்விசை இடக்குழல். வழக்கமாக வலது சற்று விரிந்த சோக், இடது இறுக்கமானது. தூரத்து அணிலுக்கு நேரே பின்விசையை இழுப்பதுதான் இரண்டு விசையின் பயன். பெரும்பாலான குதிரை மறைந்த துப்பாக்கிகளில், திறக்கும் ஒவ்வொரு முறையும் சேஃப்டி தானாகத் திரும்பிவிடும். ஆனால் அது விசையை மட்டும்தான் பிடிக்கிறது, உள்ளேயிருக்கும் குதிரையை அல்ல. கீழே விழுந்த துப்பாக்கியைச் சேஃப்டி காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. வேலி தாண்டும்போதும் ஓடை கடக்கும்போதும் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். இரட்டைக்குழலின் பெரிய வசதியே அது திறந்திருப்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிவதுதான்.

கலிஃபோர்னியாவில் ஈயம் கூடாதாம். எஃகு ரவை போடலாமா?
– வாசகர், சாக்ரமென்டோ

பழைய குழலில் எஃகு ரவை கூடாது. ஈயம் சோக்கில் நசுங்கி வழிவிடும், எஃகு நசுங்காது. முழுச் சோக்கில் குழல் முனையை உப்ப வைத்துவிடும், பட்டையின் பற்றையும் விடுவிக்கும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கைச் சுடவும் ஈயமற்ற தோட்டாதான் சட்டம். எனவே பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவையை வாங்குங்கள். மென்மையானது, பழைய குழலுக்குச் சரி. ஆனால் அதிலும் குறைந்த அழுத்தத்தில் செய்ததையே தேடுங்கள். ஈயத்தைவிடச் சற்று எடை குறைவு என்பதால் ஓர் எண் பெரிய ரவை, அதாவது 5. மற்ற மாநிலங்களிலும் சில பொதுக் காட்டுநிலங்களில் ஈயம் தடை. அந்த நிலத்தின் விதியைத் தனியே பாருங்கள்.

எல்.சி. ஸ்மித் இரட்டைக்குழலின் கட்டையில், பக்கத்தகட்டுக்குப் பின்னால் மயிரிழை விரிசல். கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், ரிச்மண்ட்

வேண்டும், ஆனால் பயப்பட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் ஃபுல்டனில் செய்த இந்தத் துப்பாக்கியின் பிறவிக் குறை இது. பூட்டின் இயந்திரம் பக்கத்தகட்டில் இருப்பதால் அதற்காக மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். மிஞ்சிய மெல்லிய மரம், தகட்டின் பின்முனையில் ஒவ்வொரு உதையையும் வாங்குகிறது. எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்தால் விரிசல் சீக்கிரம் வரும். எண்ணெயை முழுக்க இழுத்தெடுத்த பிறகே எபாக்ஸிப் பசை பிடிக்கும். எண்ணெய் மரத்தில் ஊற்றிய எபாக்ஸி அடுத்த பருவத்தில் பெயர்ந்துவிடும். ஒட்டிய பிறகு தகட்டின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் கனம் இடைவெளி விடச் சொல்லுங்கள். உதையை உடலின் பின்முகம் தாங்க வேண்டும், தகட்டின் கூர் அல்ல.

இதைத் தடுக்கச் செலவில்லாத வழி ஒன்று: துப்பாக்கியை அலமாரியில் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். நிமிர்த்தி வைத்தால் குழலுக்குப் போட்ட எண்ணெயெல்லாம் வடிந்து கட்டையின் தலையில் ஊறும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?
– பல வாசகர்கள்

தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதேனும் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. 'காலாவதியாகாத' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: உரிமம் முடிந்த மறுநாள் உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி சட்டவிரோதம் ஆகலாம். நண்பரிடம் இரவல் வாங்கிச் சுடுவதற்கும் இதே விதி. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி. குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்குங்கள். 1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. ஆனால் அதற்குப் போடும் தோட்டா பழம்பொருள் ஆகிவிடாது.

உரிமத்துக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றும் வேண்டியிருக்கும். டென்னசியில் 1969 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவருக்கு, கென்டக்கியில் 1975 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவருக்கு இது கட்டாயம். நாளொன்றுக்கு எத்தனை என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டென்னசியில் 10, கென்டக்கியில் 6. ஒவ்வொரு ஆண்டும் வெளியாகும் மாநிலக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டில் மணிக்கணக்கில் நடக்கிறேன், அணிலே கண்ணில் படுவதில்லை. துப்பாக்கிக்கு வேலையே இல்லை.
– வாசகர், சட்டனூகா

நடப்பதுதான் காரணம். உங்கள் காலடி கேட்டதும் அணில் மரத்தின் மறுபுறம் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கடந்து போகும்வரை அசையாது.

உணவிருக்கும் மரத்தைக் கண்டுபிடித்து அங்கே உட்காருங்கள். பருவத் தொடக்கத்தில் ஹிக்கரி. மரத்தடியில் பச்சைத் தோல் சீவல்கள் புதிதாக, ஈரமாகக் கிடந்தால் இன்று காலையே அணில் வந்திருக்கிறது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் அந்த மரம் முடிந்தது. காலை அமைதியில் காய் கொறிக்கும் சத்தமும் சீவல் இலைமேல் உதிரும் சத்தமும் நன்றாகக் கேட்கும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வெள்ளை ஓக். அதன் கொட்டை விழுந்த சில வாரங்களிலேயே முளைவிடும், அதனால் அணில் அதைப் புதைத்து வைப்பதைவிட உடனே தின்பதே அதிகம். சிவப்பு ஓக் கொட்டை வசந்தத்தில்தான் முளைக்கும்; புதைத்து வைத்துக் குளிர்காலத்தில் தோண்டித் தின்னும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் சிவப்பு ஓக் நிற்கும் சரிவில், வெயில் விழும் பக்கம் உட்காருங்கள்.

விடியலுக்கு முன் போய், உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, சூரியன் பின்னால் இருக்கும்படி அமருங்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும் நல்லவை. காற்றடிக்கும் நாளில் கிளையெல்லாம் ஆடுவதால் அணிலின் அசைவு தெரியாது, அதுவும் வெளியே வரத் தயங்கும். மழை ஓய்ந்த காலை அருமையானது. அன்று மட்டும் நடக்கலாம், ஈரச் சருகு சத்தம் போடாது.

சுட்டதும் எழுந்து ஓடி எடுக்காதீர்கள். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு அப்படியே இருங்கள். வேறெதுவும் அசையாவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மற்ற அணில்கள் மறுபடி கொறிக்கத் தொடங்கும். அணில் மரத்தைச் சுற்றி மறைந்தால், இருவர் போயிருந்தால் ஒருவர் அசையாமல் இருக்க, மற்றவர் மெதுவாகச் சுற்றி வரவேண்டும். தனியாக இருந்தால் ஒரு குச்சியை மறுபுறம் வீசுங்கள். பல தடவை உங்கள் பக்கம் வந்துவிடும். இலைக்கூட்டைச் சுடவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, செத்தாலும் கீழே விழாது.

மேல்நோக்கிச் சுடுவதால் ரவை எங்கே போகும் என்று பலர் கேட்கிறார்கள். 6-ஆம் எண் ரவை அதிகபட்சம் 240 கஜம்வரை போகும். .22 ரைஃபிள் குண்டோ ஒரு மைலுக்கும் மேல் பறக்கும். குடியிருப்பு தூரத்தில் தெரியும் காடுகளில் மரத்தின் மேல் சுட இரட்டைக்குழல் உகந்தது இதனால்தான். மான் வேட்டைப் பருவமும் சேர்ந்து நடக்கும் வாரங்களில் ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் இல்லாமல் போகவேண்டாம்.

தோலை உரிப்பதற்குள் சதை முழுக்க முடி ஒட்டிக்கொள்கிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், நாஷ்வில்

உடம்பு சூடாக இருக்கும்போதே உரியுங்கள், அதற்கு முன் அணிலை நீரில் முழுக்க நனையுங்கள். நனைந்த முடி பறக்காது. வாலின் அடிப்பக்கம், ஆசனவாய்க்கு மேலே குறுக்காக வெட்டி வால் எலும்பை அறுங்கள், முதுகுப்பக்கத் தோலை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தத் தோலை முதுகில் இரண்டு விரற்கடை பிரித்து, வாலின் மேல் காலை ஊன்றி மிதித்துக்கொண்டு, பின்னங்கால்களைப் பிடித்து ஒரே சீராக மேலே இழுங்கள். தோல் சட்டை கழல்வதுபோல் முன்னங்கால் வரை வந்துவிடும். மிஞ்சிய பின்பக்கத் தோலைக் கூர்முனையில் பிடித்து எதிர்த்திசையில் உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வால் பிய்ந்துவிடும்; பிறகு கத்தியோடு போராட வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குடலை எடுத்ததும் முன்னங்கால் அடியிலும் முதுகிடுப்பிலும் இருக்கும் சிறு சுரப்பிகளைக் கிள்ளி எடுங்கள். ரவை நுழைந்த இடத்தில் முடியையும் சேர்த்து இழுத்துச் சென்றிருக்கும். அந்தத் துளைகளைக் கத்தி முனையால் திறந்து ரவையையும் முடியையும் ஒன்றாக அகற்றுங்கள்.

ஆகஸ்டில் சுட்ட அணிலின் தோலுக்கடியில் பெரிய புழு இருந்தது. தூக்கி எறிந்துவிட்டோம். சரிதானா?
– வாசகர், போலிங் கிரீன்

அது ஒருவகை ஈயின் புழு. ஆகஸ்ட், செப்டம்பரில் நிறைய அணில்களில் இருக்கும். வீக்கத்தின் நடுவில் மூச்சுவிட ஒரு துளை தெரியும். புழு தோலுக்கும் சதைக்கும் நடுவில்தான் வாழ்கிறது, பெரும்பாலும் தோலோடு சேர்ந்தே வந்துவிடும். அந்த இடத்துச் சதையைச் சுற்றி வெட்டி எறிந்தால் மற்ற இறைச்சியைச் சாப்பிடலாம். சீழ் பரவியிருந்தாலோ, அணில் சுடுவதற்கு முன்பே தள்ளாடியிருந்தாலோ மட்டும் வேண்டாம். இதைப் பார்க்கவே பிடிக்காதவர்கள் முதல் கடும் பனி விழும்வரை காத்திருக்கலாம். அதற்குள் புழுக்கள் வெளியேறிவிடும், அணிலும் கொட்டை தின்று கொழுத்திருக்கும்.